முந்நூற்றுப் பன்னிரண்டு வசவுகள்

"அவனைப் பிடிச்சுக் குடுங்க. மூணு மணிக்குள்ள."

கார் ஷோரூம் முதலாளி மேசையில் தட்டிய தட்டில் பேனா உருண்டு ரேடியோவின் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுப்பதா, பார்க்காத மாதிரி நிற்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தான். நன்றி வரவில்லை.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வாய் மூடாததால் ஒட்டிக்கொண்ட பேர். பழைய கார் விற்கும் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். வண்டி வாங்க வந்த ஒருவரிடம், "இந்த வண்டியா சார்? நமக்குள்ள முன்பகை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். அன்றோடு வேலை போயிற்று. அதன் பிறகு அண்ணிக்கு உதவியாள் ஆனான்.

அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதினவள். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் எல்லோருக்கும் அவள் 'சர்வேயர் மேடம்'தான். நொறுங்கிக் கிடக்கிற வண்டி பொய் சொல்லாது, அதன் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் சொல்வான் என்பது அவள் கட்சி. ரேடியோவின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருந்தார். "உங்கண்ணனுக்குப் பதிலா நீ பேசிப் பேசி என் காதைத் தின்னற" என்பாள் அண்ணி.

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள் இப்போது.

"என்னத்தைச் சொல்றது? 'சூறை டர்போ'. ரேஸ் டிராக்குக்குன்னே செஞ்ச வண்டி. ரெண்டே ரெண்டு வந்திருக்கு, ரெண்டும் எங்ககிட்டதான். காலையில ஒன்பது மணிக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒண்ணை ஓட்டிக் காட்டினோம். மூணாவது ரவுண்டுல பின்பக்கம் பத்திக்கிச்சு. புகையில டிரைவருக்குப் பாதை தெரியல. நேரா சுவர். கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறார். இது தானா நடக்கல மேடம். எவனோ கை வச்சிருக்கான்."

"எவனோன்னா?"

பதில் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. முதலாளியின் மகள் அங்கே கைகட்டி நின்றாள். ஷோரூமின் விற்பனைப் பொறுப்பு அவளுடையது. தடித்த ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"இதுல இருக்கான். இன்டர்நெட்ல கார் பிரியர்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. புது வண்டி வருதுன்னு அறிவிச்ச நாள்லருந்து திட்டித் தீர்க்கறாங்க. முந்நூத்திப் பன்னெண்டு கருத்து. ஒண்ணு விடாம அன்னன்னிக்கே பிரிண்ட் எடுத்து வச்சேன். சிலபேர் எழுதிட்டு அழிச்சுட்டாங்க. அழிச்சதும் இதுல இருக்கு."

"ஒருத்தர்கூடப் பாராட்டலையா?" என்றான் ரேடியோ.

"ஒருத்தர் கலர் நல்லாருக்குன்னு எழுதியிருக்கார்."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அதுல ஒருத்தன், 'மூணாவது ரவுண்டு இதுக்குக் கடைசி ரவுண்டு'ன்னே எழுதியிருக்கான். அச்சு அசலா அப்படியே நடந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பேரைக் கண்டுபிடிங்க, போதும். மூணரை மணிக்கு வாடிக்கையாளர்கள் டிராக்குக்கு வர்றாங்க. இன்னொரு வண்டியை அவங்க ஓட்டிப் பார்க்கணும். அதுக்கு முன்னால நான் மேடையேறி, வண்டி மேல தப்பில்ல, இந்த ஆள் பண்ணின நாசவேலைன்னு சொல்லணும். நான் சொன்னா பகைன்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நீங்க ஓட்டிப் பார்த்திருக்கீங்களா சார்?" என்றான் ரேடியோ.

"எனக்கு முதுகு வலி."

"நான் ஓட்டியிருக்கேன்" என்றாள் மகள் வெடுக்கென்று. "பழைய சூறையில மூணு வருஷம் ரேஸ் போனவ நான். புதுசுல ஒரு ரவுண்டு. நல்ல வண்டி. இந்த முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தன்கூட அதோட ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்க மாட்டான். போட்டோவைப் பார்த்துட்டு நாக்கைச் சுழட்டறது. அவ்வளவுதான்."

அண்ணி கட்டைத் தூக்கி ரேடியோவின் கையில் வைத்தாள். ஒரு செங்கல் கனம் இருந்தது.

* * *

அண்ணியின் கார் பதினெட்டு வயசுக் கார். வலது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. மேம்பாலத்துக்கு அடியில் நிழலாக நிறுத்திவிட்டு, "படி" என்றாள். "முதல்லருந்து. ஒண்ணையும் விடாத."

ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஒண்ணு. 'பழைய சூறை பாடிச்சு. இது மூக்கடைச்சவன் தூங்கற மாதிரி இருக்கு.' ரெண்டு. 'பின்னாடி இருக்கிற றெக்கையில துணி காயப்போடலாம். வேற எதுக்கும் ஆகாது.' மூணு. 'மிதிச்சா உடனே போகாது. யோசிக்கும், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கும், அப்புறம் போகும். அதுக்குப் பேர்தான் டர்போ.'" நிறுத்தினான். "அண்ணி, இவன் நல்லா எழுதறான்."

"படி."

"'எடையைக் குறைக்கணும்னு உள்ளே இருந்த ரேடியோவைக் கழட்டிட்டாங்களாம்.' அடப்பாவிங்களா, என்னையுமா? 'ஆனா ஸ்பீக்கரை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. அதுல எஞ்சின் சத்தத்தைப் பொய்யா ஓட விடறாங்க. நாளைக்கு ஸ்பீக்கர்லயே பெட்ரோலும் போடுவாங்க.'"

நாற்பது, ஐம்பது, அறுபது. ஒவ்வொன்றிலும் வயிற்றெரிச்சல். நேசித்த ஒன்றைக் கெடுத்துவிட்டார்கள் என்கிற ஆத்திரம். சிலர் வடிவமைத்தவனின் கண்ணைப் பழித்தார்கள், சிலர் அவன் வளர்ப்பைப் பழித்தார்கள். ஒருவர் புது வண்டியின் முன்முகத்தைத் தன் மாமனாரோடு ஒப்பிட்டு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். எண்பத்தெட்டாவதில் ரேடியோவின் குரல் சட்டென்று இறங்கிற்று.

"என்ன?" என்றாள் அண்ணி.

"இது வேண்டாம். சாதாரணமானது."

"படி."

"'இந்த வண்டியை ஓட்டறதுக்குப் பதிலா தலையில ஒரு அண்டாவைக் கவுத்துக்கிட்டு மலையிலருந்து உருளலாம். சுகம் ஒண்ணுதான். சத்தம் அண்டாவுல நல்லாருக்கும்.'"

"எழுதினது யாரு?"

"தெரியும் அண்ணி. ரொம்ப நல்ல மனுஷன். எல்லாருக்கும் உதவி செய்வான். இப்போ உங்களுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கான்."

அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் ரேடியோ எண்பத்தொன்பதுக்குத் தாவினான்.

நூற்று நாற்பதுக்குப் பிறகு ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்தது. 'பழைய பாட்டு' என்று கையெழுத்துப் போட்ட ஆள். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தனி மரியாதை இருப்பது தெரிந்தது. மற்றவர்கள் அவரை 'ஐயா' போட்டுக் கேள்வி கேட்டார்கள். அவர் எல்லா வண்டியையும் விரல் நுனியில் வைத்திருந்தார்.

"'முன் மூக்குல பதினாலு ஓட்டை. விரல் போகாது, துணி போகாது. பல் தேய்க்கிற பிரஷ்தான் போகும். இதை வரைஞ்சவன் ஒருநாள் வந்து கழுவிட்டுப் போகட்டும்.' அதுக்குக் கீழே ஒருத்தர் கேட்கறார்: 'ஐயா, உங்ககிட்ட எத்தனை வண்டி இருக்கு?' இவர் பதில்: 'ஒரு நாளைக்குப் பதினாறு வண்டி என் கை வழியாப் போகும்.' அப்பா! கோடீஸ்வரன் அண்ணி. கோடீஸ்வரன் பல் பிரஷும் கையுமா உட்கார்ந்திருக்கான்."

அண்ணி ஸ்டீயரிங்கின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அது நின்றது. "முழுக்க முடி" என்றாள்.

முடித்தபோது மணி ஒன்றரை. ரேடியோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"என்ன வரலன்னு கவனிச்சியா?" என்று கேட்டாள் அண்ணி.

"நல்ல வார்த்தை."

"அது இல்ல. 'மூணாவது ரவுண்டு இதுக்குக் கடைசி ரவுண்டு.' அது எங்கே?"

ரேடியோ காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினான். அழித்தது, அழிக்காதது எல்லாம் அவன் வாயால் படித்தாயிற்று. அந்த வரி இல்லை.

"அவர் இதுலதான் படிச்சேன்னு..."

"அதுலன்னுதான் சொன்னார். அப்போ வேற எங்கேயோ படிச்சிருக்கார்." அண்ணி சாவியைத் திருகினாள். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் உயிர் பிடித்தது. "பதினாறு வண்டி வச்சிருக்கறவன் 'ஒரு நாளைக்கு'ன்னு சொல்ல மாட்டான். பிரஷ் விட்டுக் கழுவினாதான் அந்த ஓட்டை எவ்வளவு சின்னதுன்னு தெரியும். ரெண்டே வண்டி, ரெண்டும் ஒரே இடத்துல. கார் பிரியர்கள் எல்லாம் ஐயா, ஐயான்னு கும்பிடற அந்த மகான் யாருன்னு நினைக்கற?"

"வண்டி கழுவறவர்" என்றான் ரேடியோ மெல்ல.

* * *

ஷோரூமின் பின்புறம் தண்ணீர் தேங்கிய சிமென்ட் தளத்தில் ஒருவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். முன்னால் இருந்தவரைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் தன்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். வீடு மட்டும் தெரியும் என்றான். மார்க்கெட்டுக்குப் பின்னால், துணி தைக்கிற அக்கா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்த குறுகலான படி. இரண்டாவது மாடி. திறந்த கதவுக்கு உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"யாரு?"

"அக்கா, நாங்க அண்ணனைப் பார்க்க..."

"அக்காவா? எந்த உறவுல? அந்த ஆள் அனுப்பினானா உங்களை?"

"எந்த ஆள்?" என்றாள் அண்ணி.

"மூணு நாளைக்கு முன்னால வேலையைப் பிடுங்கினான். இன்னிக்குக் காலையில வண்டி எரிஞ்சுபோச்சாம். பதினோரு மணிக்கு யாரோ போன் பண்ணி, 'எங்கேயும் போயிடாதே, ஆள் வரும்'னு மிரட்டறான். வந்துட்டீங்க. சோறு தண்ணி இறங்காம உட்கார்ந்திருக்கார் மனுஷன். போங்க இங்கேருந்து."

"பதினோரு மணிக்கா?" என்றாள் அண்ணி. "நல்லா ஞாபகம் இருக்காம்மா?"

"ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்க ஆள் வந்த நேரம். மறக்குமா?"

அண்ணி ரேடியோவைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அவர்கள் முதலாளியின் அறைக் கதவைக்கூடத் தட்டியிருக்கவில்லை.

உள்அறையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். உள்ளங்கைத் தோல் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருந்தது. கட்டிலின் மேல் பாதி அடுக்கின பை திறந்து கிடந்தது.

"விடும்மா, எப்படியும் பேசித்தான் ஆகணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். "நான் எஞ்சின்ல கை வைக்கல மேடம். கழுவறவன் நான். வெளியே மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"நீங்கதானே அண்ணே 'பழைய பாட்டு'?" என்றான் ரேடியோ. "முன் மூக்கு, பதினாலு ஓட்டை?"

அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போயிற்று. "பொழுது போகாம எழுதினது தம்பி. அங்கே யாரும் யாரையும் என்ன வேலைன்னு கேட்கறதில்ல. வண்டியைப் பத்திப் பேசினா போதும். அந்தப் பழைய சூறை இருக்கே, கேட்டுக்குள்ள நுழையும்போதே நான் சோப்பைக் கீழே வச்சிடுவேன். அப்படி ஒரு சத்தம். புதுசு பிடிக்கலன்னு எழுதினது உண்மை. திட்டினது உண்மை. அதுக்காக எரிப்பேனா?"

"மூணாவது ரவுண்டுன்னு எங்கே எழுதினீங்க?" என்றாள் அண்ணி.

அவர் அதிர்ந்துபோனார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைப் பக்கத்துல எழுதலையே. முதலாளிக்குன்னு தனியா எழுதினது. நாலு பேர் பார்க்கிற இடத்துல அதைப் போட்டா அவருக்கு அசிங்கம்னு பதிவுத் தபால்ல அனுப்பினேன்."

அவர் மனைவி கத்தரிக்கோலை மெஷின் மேல் வைத்தாள். அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதமும் ஒரு அட்டையும் எடுத்தாள். கடிதத்தை இரண்டாக எழுதி ஒன்றை வைத்துக்கொண்டது அவள்தான். "அவர் கையெழுத்து புரியாது. அதான் நான் எழுதினேன்" என்றாள்.

ரேடியோ படித்தான்.

'முதலாளி அவர்களுக்கு வணக்கம். நான் உங்களிடம் வண்டி கழுவுகிறவன். இரண்டு புது வண்டிகளும் டிராக்கில் சோதனை ஓட்டம் போய் வந்ததும் நான்தான் கழுவுகிறேன். ஒரு ரவுண்டு போய் வந்தால் இடது பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. இரண்டு ரவுண்டு போய் வந்தால் அந்தப் பிசுக்கு கருகி, தீய்ந்த வாடை அடிக்கிறது. டர்போ கொதிக்கிற இடம் அது. இங்கே வந்த பிறகு யாரும் தொடர்ந்து மூன்று போகவில்லை. போனால் மூன்றாவது ரவுண்டு இதுக்குக் கடைசி ரவுண்டு. ஒர்க்ஷாப்பில் சொன்னேன், துடைத்துவிட்டுப் போ என்றார்கள். ஓட்டுகிறவர் பிள்ளைகுட்டிக்காரர். தயவுசெய்து பார்க்கவும்.'

அட்டை, தபால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் திரும்பி வருவது. நாலு நாளைக்கு முந்திய தேதி. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து பெரிதாக, வளைந்து, அடியில் இரண்டு கோடு இழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தை அன்று காலையில்தான் வேலை ஒப்பந்தக் காகிதத்தில் பார்த்திருந்தான் ரேடியோ.

"அண்ணி" என்றான். "அவருக்குப் பேர் முதல்லயே தெரியும்."

"தெரியும். கண்டுபிடிக்கறதுக்கு நம்மைக் கூப்பிடல. நாம கண்டுபிடிச்சோம்னு சொல்லிக்கறதுக்குக் கூப்பிட்டிருக்கார். எச்சரிச்சவனையே குற்றவாளி ஆக்கிட்டா, எச்சரிக்கையே அவனுக்கு எதிரான சாட்சி ஆயிடும்." அண்ணியின் குரல் உயரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"அந்த இன்னொரு வண்டி?" என்று கழுவுகிறவரைக் கேட்டாள்.

"அதுலயும் அதே பிசுக்குதான் மேடம். அதே இடம்."

அண்ணி அதற்குள் கடிதத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

* * *

டிராக்கில் கொடி, குடை, குளிர்பானம் எல்லாம் இருந்தன. காலையில் வண்டி மோதின சுவரைப் பெரிய பேனர் கட்டி மறைத்திருந்தார்கள். கருகிய ரப்பர் வாடையை மறைக்க எதுவும் கட்டவில்லை. ஓட்டிப் பார்க்க வந்த ஏழெட்டுப் பேர் உறை மாதிரி ஒட்டிக்கொண்ட ரேஸ் உடுப்பில் நெளிந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆளாக ஒரு பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் ஓட்டி முடித்து வண்டி ஆறின பிறகுதான் அடுத்தவர் என்று ஏற்பாடு.

டிராக்குக்குள் நுழைகிற ஒரே வழியைக் காட்டி அண்ணி சொன்னாள்: "நம்ம வண்டியை அங்கே குறுக்கே நிறுத்து."

"எடுக்கச் சொன்னா?"

"ஸ்டார்ட் ஆகலன்னு சொல்லு."

"அது பொய்யே இல்லையே அண்ணி."

நிறுத்திவிட்டு ஓடி வரும்போது ரேடியோ ஒரு அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். 'ஒருவருக்கு 2 சுற்று' என்று இருந்தது. 2 மட்டும் வேறு வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினான். ஒட்டின காகிதம் சுருண்டு வந்தது. அடியில் 3. பசை இன்னும் ஈரமாக இருந்தது. காகிதத்தை விரலில் ஒட்டிக்கொண்டே போய் அண்ணியிடம் காட்டினான். அண்ணி அதைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

முதலாளி வேகமாக வந்தார். பின்னாலேயே மகள்.

"கண்டுபிடிச்சீங்களா? பேர் என்ன?"

"உங்களுக்குத் தெரிஞ்ச பேர்தான்" என்று அண்ணி அட்டையை நீட்டினாள். "நாலு நாள் முன்னால இவர் எழுதினதை வாங்கியிருக்கீங்க. மறுநாள் வேலையை விட்டு அனுப்பியிருக்கீங்க."

முதலாளி அட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தினம் கட்டுக் கட்டாத் தபால் வருது. கையெழுத்துப் போடுவேன். பிரிக்கறது நான் இல்ல. இந்த மாதிரிக் கழுவற ஆள் எழுதறதையெல்லாம் படிச்சா நான் வியாபாரம் எப்பப் பண்றது?"

"பிரிக்காத கடிதத்துல இருந்த வரியைக் காலையில எங்ககிட்ட அப்படியே ஒப்பிச்சீங்களே சார்" என்றான் ரேடியோ.

"யாரோ சொன்னாங்க. அந்தப் பக்கத்துலதான் இருக்குன்னு நினைச்சேன்."

மகள் முன்னால் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "போதும். வேலையை விட்டுத் துரத்தின ஒருத்தன் பேச்சைக் கேட்டுட்டு வந்து எங்கப்பாவை விசாரிக்கறீங்களா? யாருக்கு வேலை பார்க்கறீங்க நீங்க? இந்த ஒரு மாசமா முந்நூறு பேர் வாயில விழுந்து எழுந்திருக்கோம். ஓட்டாமலே திட்டறாங்க, தொடாமலே திட்டறாங்க. இப்போ நீங்களும். இந்த வண்டியில தப்பு இருக்குன்னா எங்கப்பா வெளியே விடுவாரா?"

நீட்டின அட்டையை அண்ணி பைக்குள் வைத்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கமா, இல்லை எதற்காவது காத்திருக்கிறாளா என்று ரேடியோவுக்குப் புரியவில்லை.

"சரி" என்றாள் மகள். பல் டாக்டரின் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினாள். "டாக்டர், ஒரு பத்து நிமிஷம். முதல்ல நான் போறேன். எல்லாரும் பார்க்கட்டும். ரெண்டு இல்ல, மூணு ரவுண்டு."

"நீ எதுக்கும்மா" என்றார் முதலாளி. "டாக்டர் காத்துட்டிருக்கார் பாரு."

"காத்திருக்கட்டும்."

கதவு மேல்நோக்கித் திறந்தது. அவள் கால்களை மடித்து உள்ளே இறங்கிப் பெல்ட்டை மாட்டினாள். எஞ்சின் உறுமியது. உறுமல் என்று சொல்ல முடியாது. கனத்த போர்வைக்கு அடியிலிருந்து யாரோ சீறுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் கருத்து எழுதின ஆள் அப்படியொன்றும் மிகைப்படுத்தவில்லை என்று அந்த நேரத்திலும் ரேடியோவுக்குத் தோன்றியது. தங்கள் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. பத்தடி. முதலாளி பக்கத்திலேயே நடந்தார். கதவு இன்னும் முழுக்க இறங்கவில்லை. அவர் கை கூரையைப் பிடித்திருந்தது.

"ரெண்டு போதும்மா" என்றார்.

"என்னப்பா?" எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"ரெண்டு ரவுண்டு போதும். சொல்றதைக் கேளு. மூணு போகாதே." அவர் குரல் உடைந்து உச்சத்துக்குப் போயிற்று. "மூணு வேண்டாம்! ரெண்டோட வந்துடு!"

எஞ்சின் நின்றது.

சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டிருந்தது. அந்த அமைதியில் முதலில் பேசினது பல் டாக்டர்தான். "அப்போ எனக்கு ரெண்டு பரவாயில்லையா சார்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அறிவிப்புப் பலகையில் காகிதம் உரிந்து வெளியே தெரிந்த 3-ஐப் பார்த்தாள்.

"அவருக்கு ஏன்ப்பா ரெண்டோட நிறுத்தச் சொல்லல?"

"யாருக்கு?"

"காலையில ஓட்டினவருக்கு."

முதலாளி எதையோ தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவினார். "கேமராக்காரங்க மூணு கேட்டாங்கம்மா. கடைசி ரவுண்டுதான் வேகமா எடுப்பாங்களாம். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். கழுவறவன் எழுதறான், அவனுக்கு என்ன தெரியும்னு..."

"படிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"படிச்சேன்."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். ஹெல்மெட்டை இருக்கையில் வைத்தாள். அண்ணியைக் கடந்து போகும்போது நின்று, "அந்தக் கடிதம் எங்கே?" என்றாள். குரலில் பகை இன்னும் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருந்தது. அண்ணி கடிதத்தைக் கொடுத்தாள். அவள் நின்றவாக்கிலேயே படித்தாள். 'பிள்ளைகுட்டிக்காரர்' என்ற இடத்தில் அவள் கண் தங்கினதை ரேடியோ பார்த்தான்.

மேடையில் மைக் தயாராக இருந்தது. அவள் ஏறினாள். முதலாளி பின்னாலேயே ஓடி மைக் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். பல் டாக்டர் இடையில் வந்து நின்றுகொண்டார். அவ்வளவு உயரமான ஆள் என்று அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

"இன்னிக்கு இந்த வண்டி ஓடாது" என்றாள் மகள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு வாங்குவதும் சேர்ந்து கேட்டது. "காலையில நடந்தது நாசவேலை இல்ல. எங்ககிட்ட வண்டி கழுவறவர் ஒருத்தர் முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கார். அதனால அவர் வேலை போச்சு. ஓட்டினவர் கால் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னோம்."

எங்களுக்கு என்றாள். அப்பாவுக்கு என்று சொல்லவில்லை.

கீழே முதலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஏழெட்டு ரேஸ் உடுப்புகளும் அவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.